புகை இயந்திரமா, தொட்டி மூடியா? ஒரு குடியிருப்பின் கொசுத் தடுப்புச் செலவு

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில் உள்ள தென்சென்னைக் குடியிருப்பு ஒன்றின் நலச் சங்கத்தில் நான் உறுப்பினராக இருக்கிறேன். மாலை ஆறு மணி ஆனதும் சன்னல்களைச் சாத்தாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. கொசுத் தடுப்புக்கென ஒதுக்கிய தொகையை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் எழுந்தபோது, பெரும்பான்மையோர் சொந்தமாக ஒரு புகை இயந்திரம் வாங்க வேண்டும் என்றனர். சிலர் மழைநீர்க் கால்வாயில் மீன் விடலாம் என்றனர். அவரவர் வீட்டுச் சன்னலுக்கு வலை அடித்துக்கொண்டால் போதும், சங்கம் இதில் தலையிட வேண்டியதில்லை என்று சொன்னவர்களும் இருந்தனர். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு வழியும் எந்தக் கொசுவை, அதன் வாழ்வின் எந்தப் பருவத்தில், எத்தனை நாளைக்குத் தடுக்கிறது என்பதை எடைபோட்டுப் பார்ப்பது நல்லது என்று கருதி இதை எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் பிற சங்கங்களுக்கும் இது பயன்படலாம்.

கொசு என்று ஒரே பெயரால் அழைத்தாலும், சென்னையில் நம்மைக் கடிப்பவை முக்கியமாக மூன்று வகை. மூன்றின் பிறப்பிடமும் பழக்கமும் வேறு. மாலை மயங்கியது முதல் நள்ளிரவுக்குப் பின்னும் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது கியூலெக்ஸ். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, தேங்கிய கால்வாய் போன்ற அழுக்கு நீரே அதற்குத் தொட்டில். யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். காலிலும் உடலிலும் வெள்ளைக் கோடுகள் கொண்ட ஏடிஸ் எஜிப்டி பகலில், அதிலும் காலையிலும் பிற்பகலிலும் மிகுதியாகக் கடிக்கிறது. டெங்குவும் சிக்குன்குனியாவும் அதன் வழியே வருகின்றன. அது சாக்கடையை நாடுவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் பாத்திரங்களில் நிற்கும் ஓரளவு தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. மூன்றாவதான அனோபிலிஸ் ஸ்டீபன்சி, மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பிறந்து நகர்ப்புற மலேரியாவைப் பரப்புகிறது. நம்மை அதிகமாக எரிச்சலூட்டும் கொசுவும் நம் பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்பும் கொசுவும் வேறு வேறு என்ற இந்தச் செய்தியை மனத்தில் நிறுத்திக்கொள்ளாமல் எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் பேச்சு தடம் மாறிவிடும்.

எந்த வகை நம்மிடம் இருக்கிறது என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. தொட்டி நீரில் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால், அனோபிலிஸ் புழு நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தபடி மிதக்கும். மற்ற இரண்டின் புழுக்களும் தலை கீழாகச் சாய்ந்து தொங்கும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் தொங்குபவை பெரும்பாலும் கியூலெக்ஸ். பூந்தொட்டித் தட்டிலும் டிரம்மிலும் இருப்பவை பெரும்பாலும் ஏடிஸ். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் மாலையில் தெருவிளக்கைச் சுற்றிக் கூட்டமாக மொய்ப்பவற்றுள் பல, கொசுவைப் போன்ற உருவம் கொண்டிருந்தாலும் கடிக்கத் தெரியாத சிறு பூச்சிகள். அவற்றைக் கண்டு மிரண்டு மருந்து அடிக்கச் சொல்வது பணத்தை வீணாக்குவதாகும்.

இனிப் புகை. பூச்சிமருந்தை டீசலில் கலந்து சூடேற்றிப் பீய்ச்சும்போது, அது மிக நுண்ணிய துளிகளாகக் காற்றில் மிதக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் பறந்துகொண்டிருக்கும் கொசுவின் மேல் துளி பட்டால் கொசு சாகிறது. புகை கலைந்த பிறகு மருந்தின் வேலையும் முடிந்துவிடுகிறது. முட்டைக்கோ, நீருக்குள் இருக்கும் புழுவுக்கோ, கூட்டுப்புழுவுக்கோ அதனால் ஒரு கேடும் இல்லை. நம் ஊரின் வெப்பத்தில் முட்டையிலிருந்து இறக்கை முளைத்த கொசுவாக வெளிவர ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், திங்கட்கிழமை புகை அடித்த தெருவில் செவ்வாய்க்கிழமையே நீரிலிருந்து புதிய கொசுக்கள் எழுந்து வரும். புகை அடித்த இரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஓரிரு இரவுகளின் நிம்மதி உண்மையானது. ஆனால் அது எவ்வளவு சிறிய நிம்மதி என்பதை அடுத்த வாரம் அவர்களே சொல்கிறார்கள்.

டெங்குக் கொசுவைப் பொறுத்தவரை புகையின் பயன் இன்னும் குறைவு. ஏடிஸ் இளைப்பாறுவது நம் வீட்டுக்குள்: கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், மாட்டிவைத்த துணிகளின் மடிப்பில். தெருவில் புகை வண்டியின் சத்தம் கேட்டதும் மூச்சுத்திணறலுக்கு அஞ்சி எல்லோரும் செய்வது கதவையும் சன்னலையும் இறுக அடைப்பது. அப்படி அடைக்கும்போது கொசுவை மருந்திலிருந்து நாமே காப்பாற்றிவிடுகிறோம். மேலும் கியூலெக்ஸ் பறக்கத் தொடங்குவது இருட்டிய பின்னரே. புகை அடிப்பவரோ தம் பணிநேரம் முடிவதற்குள், வெயில் தாழாத பிற்பகலில் வந்துபோனால், மருந்து படுவது தட்டான்கள் மேலும் தேனீக்கள் மேலும்தான். தட்டான் கொசுவைப் பிடித்துத் தின்னும் என்பதை எண்ணும்போது இந்த இழப்பு இருமடங்காகிறது. இவற்றோடு டீசல் புகை ஆஸ்துமா உள்ள முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தரும் துன்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புகைக்கு ஓர் உரிய இடம் உண்டு. ஒரு தெருவில் டெங்குக் காய்ச்சல் உறுதியாகிவிட்டால், நோய்க்கிருமியை ஏற்கெனவே உடலில் சுமந்துகொண்டிருக்கும் கொசுக்களை உடனே குறைக்க வேண்டிய அவசரம் வருகிறது. அப்போது நோயாளியின் வீட்டிலும் சுற்றுவட்ட வீடுகளிலும் உள்ளே புகுந்து மருந்து தெளிப்பது சரியான செயல். அது மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவு செய்ய வேண்டிய பணி. அதற்கான மருந்தும் பயிற்சி பெற்ற ஆட்களும் அவர்களிடம் இருக்கிறார்கள். சங்கம் ஒரு இயந்திரத்தை வாங்கி, பயிற்சி இல்லாத காவலாளியிடம் கொடுத்து, மருந்தின் அளவை ஊகமாகக் கலக்கச் செய்வதை நான் எதிர்க்கிறேன். குறைந்த அளவு மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது கொசுவுக்கு அந்த மருந்தைத் தாங்கும் வலிமையைக் கொடுக்கும் நேர்வழி.

நீரில் இடும் மருந்துகள் இதைவிடப் பொருள் உள்ளவை, ஏனெனில் புழு ஓரிடத்தில் அகப்பட்டுக் கிடக்கிறது, கொசுவோ அகப்படாமல் பறக்கிறது. மாநகராட்சிப் பணியாளர்கள் வீடுதேடி வந்து தொட்டிகளில் ஊற்றும் டெமிபாஸ், அதாவது மக்கள் அபேட் என்று சொல்லும் மருந்து, லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவுக்கு மேற்படாமல் குடிநீரிலும் இடத்தக்கது என்று உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அளவு தெரிந்தவர் இடும்வரை அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மற்றொன்று பி.டி.ஐ. என்ற பாக்டீரியத் தூள். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட இந்த நுண்ணுயிர் உண்டாக்கும் புரதப் படிகத்தைக் கொசுப்புழு தின்றால், அதன் குடல் சிதைந்து ஒரு நாளுக்குள் இறக்கிறது. மனிதருக்கும் மீனுக்கும் பறவைக்கும் தீங்கு இல்லை. நமக்கு அண்மையிலேயே, 1975-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், இதில் உள்நாட்டு வகை ஒன்றை உருவாக்கியிருக்கிறது.

ஆனால் பி.டி.ஐ.க்கு இரண்டு குறைகள் உண்டு. கூட்டுப்புழுப் பருவத்தில் கொசு எதையும் தின்பதில்லை என்பதால் அந்தக் கட்டத்தை எட்டியவை தப்பிவிடும். அழுக்கு மிகுந்த சாக்கடையில் அதன் வீரியம் விரைவில் அடங்கிவிடுவதால் வாரந்தோறும் இட வேண்டியிருக்கும். அழுக்கு நீரில் கூடுதல் நாள் நிற்கும் இன்னொரு பாக்டீரியமும் இருக்கிறது. ஆனால் 1990-களில் கொச்சியில் அதையே தொடர்ந்து பயன்படுத்தியபோது கியூலெக்ஸ் அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. ஆகவே எந்த ஒரு மருந்தையும் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் இடக் கூடாது. தேங்கிய மழைநீர்ப் பள்ளங்களில் எண்ணெய் ஊற்றுவதும், எண்ணெயில் ஊறிய மரத்தூள் உருண்டைகளைப் போடுவதும் புழுவுக்கு மூச்சு முட்டச் செய்யும். கட்டுமானப் பள்ளங்களுக்கு அது போதும், நிலத்தடி நீரோடும் சதுப்பு நிலத்தோடும் தொடர்புள்ள கால்வாய்களுக்கு ஆகாது.

மீன் விடலாம் என்ற யோசனை முதலில் கேட்கும்போது மனத்துக்கு இதமாக இருக்கிறது. கம்பூசியா மீன் இந்தியாவுக்கு 1928-இல் கொண்டுவரப்பட்டது. கொசுப்புழுவை நன்றாகவே தின்னும். மூடிய கிணற்றிலோ, அலங்காரக் குளத்திலோ, வேறெங்கும் வெளியேற வழியில்லாத தொட்டியிலோ அது பயன்தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது புழுவோடு நிற்பதில்லை; பிற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்று, விட்ட நீர்நிலை முழுவதையும் தனதாக்கிக்கொள்கிறது; உலகின் மிகக் கேடான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய் போய்ச் சேருவது பள்ளிக்கரணையில். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதியை 2022-இல் பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தில், கொசுவைத் தின்னும் தவளையும் நம் நாட்டு மீன்களும் ஏற்கெனவே நெருக்கடியில் வாழ்கின்றன. அங்கே போய்ச் சேரும் கால்வாயில் கம்பூசியாவை விடுவதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன்.

இப்போது என் மனம் சாயும் வழிக்கு வருகிறேன். அது கொசு பிறக்கும் இடத்தை இல்லாமல் செய்வது. எல்லோரும் கேட்டுச் சலித்த அறிவுரை இது என்பதை அறிவேன். சலிப்புக்குக் காரணம், அதைப் பொதுவாகச் சொல்லிவிட்டு யார், எந்தக் கிழமை, எந்த மூடியைத் திறந்து பார்ப்பார் என்று யாரும் தீர்மானிக்காததுதான். எங்கள் குடியிருப்பில் கியூலெக்ஸின் பெரும் பண்ணை கால்வாய் என்று நாங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தோம். ஒரு நாள் மாலை கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அதிலிருந்து கொசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டதைக் கண்டோம். அந்தக் குழாயின் வாயில் ஒரு துண்டு நைலான் வலையைச் சுற்றிக் கட்டுவதற்கு ஏணியும் கால் மணி நேரமும் போதும். தொட்டியின் மேல்மூடியில் விரிசல் இருந்தால் சிமென்ட் பூசி அடைக்க வேண்டும். சான்சிபார் தீவின் மகுண்டுச்சி என்ற ஊரில், 1980-களின் இறுதியில், குழிக் கழிப்பறைகளின் நீர்ப்பரப்பைத் தெர்மகோல் மணிகளால் மூடிக் கியூலெக்ஸைப் பெருமளவு ஒழித்தார்கள். மணிப்படலம் மேலே மிதக்கையில் கொசுவால் முட்டையிடவும் முடியாது, புழுவால் மூச்சு விடவும் முடியாது. வெள்ளம் புகாத மூடிய குழிகளுக்கு அது இன்றைக்கும் நல்ல முறை. எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் வெள்ளம் ஏறி மணிகள் அடித்துச் செல்லப்படும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

ஏடிஸுக்கு வந்தால் பட்டியல் வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, ஏசி நீர் சொட்டும் வாளி, பயன்படாமல் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்குச்சி, மொட்டைமாடியில் போட்டுவைத்த பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, லாரித் தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் டிரம்கள் பெருகுவதால், மழை இல்லாத மே மாதத்திலும் ஏடிஸுக்கு நாம் இடம் கொடுத்துவிடுகிறோம். அதன் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டதும் பொரியும். ஆகையால் டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிடுவது பாதி வேலைதான். உட்சுவரைத் தேங்காய்நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் வேலை முடிகிறது. இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து நெடுந்தொலைவு போவதில்லை, பெரும்பாலும் ஓரிரு நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுகிறது. இது நமக்குச் சாதகம்: எங்கள் தெரு ஒழுங்காக இருந்தால் எங்கள் தெருவே பயன்பெறும். ஒரே ஒரு பூட்டிக் கிடக்கும் வீட்டின் மூடாத தொட்டி அத்தனை பேரின் உழைப்பையும் குலைத்துவிடக்கூடும் என்பது அதன் மறுபக்கம்.

இதில் அரசின் ஒரு நல்ல திட்டமும் சேர்கிறது. தமிழகத்தில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு, நிலத்தடி நீருக்குச் செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மணலும் சல்லியும் அடைத்துக்கொண்டு நீர் உறிஞ்சாமல் போன சேகரிப்புக் குழி, மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் நீரைத் தேக்கிவைத்துக் கொசுவை வளர்க்கிறது. பருவமழைக்கு முன் அக்குழிகளைத் தோண்டி மணலை மாற்றும் செலவைக் கொசுத் தடுப்புச் செலவாகவே சங்கம் கருத வேண்டும். அதே செலவில் நீரும் கிடைக்கிறது.

சன்னல் வலையைப் பற்றி அதிகம் வாதிட வேண்டியதில்லை. எந்த வகைக் கொசுவையும், எந்த மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றதையும் அது தடுக்கும்; ஒருமுறை செலவு செய்தால் பல ஆண்டு நிற்கும். வெல்க்ரோ ஒட்டும் நைலான் வலை மலிவு, வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலை விலை கூடுதல், நெடுநாள் உழைக்கும். காற்று குறையும் என்ற குறை உண்மைதான், மின்விசிறியால் அதைச் சமாளிக்கலாம். ஆனால் வலை அடிக்க வசதியுள்ளவர் தம் வீட்டைக் காத்துக்கொண்டால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. காவலாளியின் அறையிலும், வீட்டு வேலைக்கு வருபவர்கள் வாழும் பின்தெருவிலும், கட்டுமானத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகளிலும் வலை இல்லை. டெங்கு அங்கிருந்து எங்களுக்கும், எங்களிடமிருந்து அங்கேயும் பரவும். சங்க நிதியிலிருந்து முதலில் வலை அடிக்க வேண்டிய இடம் காவலாளியின் அறைதான்.

கடையில் விற்கும் பொருள்களைச் சுருக்கமாகவே எடைபோடுகிறேன். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூடிய அறையில் குழந்தையை வைத்துக்கொண்டு அதை ஏற்றக் கூடாது. மின்சாரத்தில் சூடாகும் திரவ மருந்து புகையற்றது, ஆனாலும் அது பூச்சிமருந்தே. இரவு முழுவதும் ஓடவிடாமல், படுக்கும் முன் சிறிது நேரம் போட்டுவிட்டு வலைக்குள் உறங்குவது மேல். நீல ஒளி காட்டிப் பூச்சிகளைப் பொசுக்கும் விளக்கை வாசலில் மாட்டுவது பயனற்றது: அமெரிக்காவின் டெலவேரில் நடந்த ஆய்வில் அத்தகைய விளக்குகளில் மாண்ட 13,789 பூச்சிகளில் கடிக்கும் இனத்தவை 31 மட்டுமே; எஞ்சியவற்றுள் நமக்கு நன்மை செய்பவை ஏராளம். ஒலியால் கொசுவை விரட்டுவதாகக் கூறும் கருவிகள் கடிபடுவதைக் குறைப்பதில்லை. நொச்சி இலையை உலர்த்திப் புகையிட்டால் ஓரளவு பலன் உண்டு என்பது நம் பாட்டிமார் அறிந்தது; ஆனால் நொச்சிச் செடி வேலியோரம் வளர்ந்து நிற்பதாலேயே கொசு விலகிப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. பகலில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும், தோலில் பூசும் தரமான விரட்டிக் களிம்பும் ஏடிஸுக்கு எதிராக நன்கு உதவும்.

கொசு அல்லாத பிற பூச்சிகளுக்கும் மருந்து கேட்போர் உண்டு; மழைக்காலத்து ஈசலுக்கு அது தேவையில்லை. அந்த ஓரிரு மாலைகளில் வெளிவிளக்குகளை அணைத்துவைத்தால் போதும். குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மயிரடர்ந்த சிறு பூச்சிகள் வடிகுழாயின் உட்புறச் சேற்றில் பிறப்பவை. குழாயைத் தூரிகையால் தேய்த்துக் கழுவினால் மறையும். குப்பைத்தொட்டியின் ஈக்களுக்கு ஈரக் குப்பையை அன்றன்றே அகற்றுவதைத் தவிர நிலையான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

பெரிய அளவிலான புதிய முறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஏடிஸ் கொசுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியத்தைப் புகுத்தி விடுவித்தபோது, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. புதுச்சேரி மையமும் 2022-இல் அத்தகைய கொசு வகைகளை உருவாக்கியதாக அறிவித்தது. இது மாநகரமும் அரசும் எடுக்க வேண்டிய முடிவு, ஒரு தெருவின் சங்கம் எடுக்கக்கூடியது அல்ல.

ஆகவே நான் அடுத்த கூட்டத்தில் முன்வைக்கப்போவது இது. புகை இயந்திரம் வாங்க வேண்டாம். அதன் விலையில் முதல் பகுதியை, எல்லாக் கட்டடங்களின் சம்ப்புக்கும் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மேல்நிலைத் தொட்டிக்கும் இறுக்கமான மூடி போடவும், தொட்டி நிரம்பினால் நீர் வழிய வைத்த குழாய்களுக்கும் கழிவுநீர்த் தொட்டிகளின் காற்றுக்குழாய்களுக்கும் வலை கட்டவும் செலவிட வேண்டும். இவை திரும்பத் திரும்ப வரும் செலவுகள் அல்ல. இரண்டாம் பகுதியை, வாரத்தில் ஒரு குறித்த நாளில் ஒவ்வொரு வளாகத்தையும் சுற்றிப் பார்த்து, புழு கண்ட இடத்தைக் குறிப்பேட்டில் எழுதி, கவிழ்க்க முடியாத நீரில் மட்டும் பி.டி.ஐ. இடும் ஒருவரின் ஊதியத்துக்கு ஒதுக்க வேண்டும். கொசுவின் வளர்ச்சி ஏழு நாளுக்குக் குறைவாக முடிவது அரிது என்பதால்தான் வாரம் ஒருமுறை என்கிறேன்; பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு தலைமுறை தப்பிப் பறந்துவிடும். பூட்டிய வீட்டின் உரிமையாளர் திறந்துவிட மறுத்தால், கொசு உற்பத்திக்கு இடம் தருவோர் மீது நடவடிக்கை எடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதிகாரிகளுக்கு வழி செய்திருக்கிறது; சங்கம் எழுத்தில் புகார் கொடுத்தால் போதும். கால்வாயில் படர்ந்த ஆகாயத்தாமரையை அகற்றும்படி மாநகராட்சியிடம் கோருவதும் இதே கடிதத்தில் சேர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மூடிகளும் வலைகளும் செப்டம்பர் முடிவதற்குள் பொருத்தப்பட்டாக வேண்டும். பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் மழை தொடங்கிய பின் நேரம் கிடைக்காது.